பனிக்காலத்தில் சேலையும் வேட்டியும்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொராண்டோவில் தைப்பொங்கல் வருவது ஆண்டின் மிகக் குளிரான வாரங்களில்தான். ஒன்டாரியோ சட்டமன்றம் 2014ஆம் ஆண்டிலும், கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை 2016 அக்டோபரிலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. பொங்கல் அந்த மாதத்தில் வருவதால் அது பொருத்தமான முடிவுதான். ஆனால் அதன் பயனாக, மதுரை வெயிலுக்கும் யாழ்ப்பாணத்துப் புழுக்கத்துக்கும் ஏற்றபடி உருவான உடைகளை, மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில், கெட்டிப்பட்ட பனியின்மேல் கால் வைத்து நடக்கும் நாட்களில்தான் நாம் எல்லோரும் பார்க்க உடுத்த வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்தவர்கள் பலர் முதல் ஆண்டு ஆர்வத்தோடு பட்டு உடுத்திக்கொண்டு விழாவுக்குப் போகிறார்கள். நடுங்கிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். சேலையின் அடிக்கரையில் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டுகள். அடுத்த ஆண்டு அந்தச் சேலை பெட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து வந்த எனக்கும் இதுவேதான் நடந்தது. நம் உடை இங்கே அலமாரிக்குள் முடங்கிப்போவதற்குப் பற்றுக் குறைவைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் இந்த ஊரில் அதை உடுத்தும் வழி யாரும் சொல்லித்தராததுதான் காரணம். ஆகவே அந்த வழியை, நான் தவறு செய்து கற்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

வருவதற்கு முன்: பெட்டியில் எதை வைப்பது

பல விமான வழித்தடங்களில் ஒருவருக்கு 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகள் என்பதுதான் கணக்கு. ஜரிகை நிறைந்த காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்றே ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், சீர்வரிசையாக வந்த பட்டுகளை எல்லாம் ஒரே தடவையில் கொண்டுவர நினைக்க மாட்டீர்கள். பட்டு இரண்டு அல்லது மூன்று போதும். மிச்ச இடத்தைக் கைத்தறிப் பருத்திச் சேலைகளுக்கும், பட்டும் பருத்தியும் கலந்து நெய்த சேலைகளுக்கும் கொடுங்கள். பட்டை ஆண்டுக்கு நான்கு முறை உடுத்தினால் அதிகம். பருத்தியை நினைத்த நாளில் உடுத்தலாம், வீட்டிலேயே துவைக்கலாம், பேருந்தில் யாராவது காப்பியைக் கொட்டிவிட்டாலும் அழ வேண்டியதில்லை.

எந்தப் பருத்தி என்று கேட்டால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்யப்படுவதைக் கொண்டுவாருங்கள் என்பேன். இங்கே சேலை உடுத்திய முதல் நாளிலேயே "இது எந்த ஊர்த் துணி?" என்று யாராவது கேட்பார்கள்; காரைக்குடிக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி என்று பெயர் சொல்ல முடிந்தால் பேச்சு அங்கிருந்து வளரும். எனக்குச் சுங்குடியின்மேல் தனிப் பிரியம் உண்டு. நாயக்கர் காலத்தில் மதுரையில் வேர்கொண்ட சௌராஷ்டிரர்கள், துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து உருவாக்கிய துணி அது. வேற்றூரிலிருந்து வந்து, இன்றும் வீட்டுக்குள் தங்கள் மொழியைப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்தின் கைவேலைதான் இன்றைக்கு மதுரையின் அடையாளமாகப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சேலை எனக்குத் தெரியவில்லை.

சேலையைவிட முக்கியமானவை அதற்கு உள்ளே போகிறவை. நாடா கோத்த பருத்தி உள்பாவாடைகள் குறைந்தது ஆறு கொண்டுவாருங்கள். இங்குள்ள கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தவை. அது ஏன் குளிர்காலத்தில் தொல்லை என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லாச் சேலைகளுக்கும் ஃபால்ஸ் தைத்தே எடுத்துவாருங்கள். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கிச் சேலையின் அடியைச் சுருட்டிவிடும். ரவிக்கைகளின் இரு பக்கத் தையலிலும் துணி விட்டுத் தைக்கச் சொல்வது அவசியம், ஏனென்றால் இங்கே வந்த முதல் இரண்டு குளிர்காலங்களில் உடம்பு ஒரு சுற்றாவது பெருத்துவிடும். சரியாகப் பொருந்தும் அளவு ரவிக்கை ஒன்றை ஊரில் உங்கள் தையல்காரரிடமே விட்டு வந்தால், பிறகு தைத்து அனுப்பச் சொல்ல வசதியாக இருக்கும்.

ரவிக்கையை நம் ஊரில் ஜாக்கெட் என்போம். இங்கே ஜாக்கெட் என்றால் குளிர்கால மேலங்கி. வந்த புதிதில் உடன் வேலை செய்தவரிடம் "என் ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்" என்று நான் சொல்ல, அவர் இரக்கப்பட்டுத் தன்னுடைய பழைய மேலங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஐந்து ஆண்டுகள் போட்டேன்.

நிரந்தரமாகக் குடியேறி வருகிறவர்கள், தம்முடைய சொந்தப் பொருள்களின் பட்டியலை மதிப்போடு எழுதி விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வருவதற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமாக இருந்து, நீங்கள் பயன்படுத்தியும் வந்த பொருள்களுக்குத்தான் வரிவிலக்கு. நகைகளையும் விலையுயர்ந்த பட்டுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலில் தனித்தனி வரியாக எழுதுங்கள். உறையே பிரிக்காத புதுச் சேலைகளை அடுக்கிக் கொண்டுவருவதைவிட, ஒரு தடவையாவது உடுத்திய சேலைகளைக் கொண்டுவருவது நல்லது.

பிறர் உதவியின்றிக் கட்டிக்கொள்ளப் பழகுதல்

இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குச் சேலை கட்டத் தெரியும் என்பது, அம்மாவோ சித்தியோ கீழே உட்கார்ந்து கொசுவத்தைப் பிடித்துவிடும் வரையில்தான். இங்கே காலை ஏழு மணிக்கு உங்கள் கொசுவத்தைப் பிடிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். தனியாக, கண்ணாடி முன் நின்று, பத்து நிமிடத்தில் கட்ட முடியாத உடை அன்றாட வாழ்க்கைக்குள் வரவே வராது.

ஆகவே முதல் மாதத்தில் விழாவுக்காகக் காத்திருக்காமல், விடுமுறை நாள் ஒன்றில் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். பாத்திரம் கழுவுங்கள், படியேறி இறங்குங்கள், குனிந்து துணியை எடுத்துக் காயப்போடுங்கள். எங்கே அவிழ்கிறது, எங்கே தடுக்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ஐந்து வாரம் இப்படிச் செய்தால் கைக்குப் பழகிவிடும். ஊசி குத்துவது தோளில் ஒன்று, இடுப்புக் கொசுவத்தில் ஒன்று என்று இரண்டு இடங்களில் போதும். பட்டில் குத்தும்போது ஊசியின் சுருள் பகுதியில் முதலில் ஒரு சிறு மணியைக் கோத்துக்கொண்டால் இழை அதில் சிக்கிக் கிழியாது.

கொசுவம் முன்பே தைத்த ஆயத்தச் சேலைகளைப் பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். முழங்கால் வலியோடு, இரண்டு குழந்தைகளோடு, ஏழரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் அதை உடுத்துவதில் ஒரு குறையும் இல்லை.

குளிருக்கான அடுக்குகள்

ஜனவரியில் டொராண்டோவின் வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்துக்குக் கீழேதான். சில நாட்களில் மைனஸ் 15, காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் கீழே. அதே நேரத்தில் மண்டபங்களும் அலுவலகங்களும் உள்ளே 21, 22 டிகிரிக்குச் சூடேற்றப்பட்டிருக்கும். ஆகவே வெளியே கதகதப்பாக இருக்க வேண்டும், உள்ளே போனதும் கழற்றிவைக்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டாவது பாதியை மறந்து கம்பளி உள்ளாடைகளை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொண்டு போன என் தோழி ஒருத்தி, பொங்கல் விழா மண்டபத்தில் பரதநாட்டியம் முடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, கழிப்பறையில் போய் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

சேலைக்குள் உடல் சூட்டைக் காக்கும் மெல்லிய தெர்மல் உள்காற்சட்டை ஒன்று போதும். உடலோடு ஒட்டிக் கணுக்கால் வரை வருவதாக வாங்குங்கள். அதற்கு மேலே பருத்தி உள்பாவாடை. சூடேற்றிய வீடுகளில் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டு போகும். அந்த வறட்சியில் பாலியெஸ்டர் துணிகள் ஒன்றோடொன்று உரசி நிலைமின்சாரம் ஏறி, சேலை கால்களோடு அப்பிக்கொள்ளும். நடக்க நடக்கக் கொசுவம் தொடைகளுக்கு நடுவே நுழைந்துவிடும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். பருத்தி உள்பாவாடை இதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. செயற்கைப்பட்டோ ஜார்ஜெட்டோதான் உடுத்தியாக வேண்டும் என்றால், கால்களுக்கு ஈரப்பசைக் களிம்பு தடவிக்கொள்வதும், துணி உலர்த்தும் எந்திரத்தில் போடுகிற மென்தாளை உள்பாவாடையின் மேல் ஒரு முறை தேய்த்துவிடுவதும் உதவும்.

மேலே, முழுக்கை ரவிக்கை ஒன்றிரண்டு தைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் உடுத்திய முக்கால்கை, முழுக்கை ரவிக்கைகள் இந்த ஊருக்கென்றே தைத்தவை போல இருக்கும். ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்துவரை மூடிய கருநிற மெல்லிய கம்பளிச் சட்டையைப் போட்டு அதன்மேல் பருத்திச் சேலை கட்டுவதும் நன்றாகவே இருக்கிறது. என் அலுவலக உடை பெரும்பாலும் அதுதான்.

மேலங்கி வாங்கும்போது சேலையை நினைத்து வாங்குங்கள். இடுப்பளவு மேலங்கி சேலைக்கு ஆகாது, அதன் கீழே முந்தானை தொங்கிக்கொண்டு பனியில் புரளும். முழங்காலுக்குக் கீழே வருவதும், அடிப்பகுதி சற்று அகன்றதும், மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கும் ஜிப் உள்ளதுமான மேலங்கிதான் சரி. கீழிருந்து ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டால் தாராளமாகக் கால் எட்டி வைக்கலாம். மேலங்கியைப் போடுவதற்கு முன் முந்தானையை முன்பக்கம் கொண்டுவந்து இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், வயலில் நாற்று நடுகிற பெண்கள் செருகுவது போல.

தரையில் இருப்பது பனி மட்டும் அல்ல

வந்த முதல் ஜனவரியில், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியின் வாசலில், சிவப்புப் பட்டைக் கணுக்காலுக்குக் கீழே தழையத் தழையக் கட்டிக்கொண்டு நான் நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, கதவருகே என்னை நிறுத்தி வைத்துவிட்டார். "பிள்ளை, கொய்யகத்தைத் தூக்கிச் செருகு. வெளியில உப்புக் கிடக்கு, பட்டைத் தின்னும்" என்றார். கொய்யகம் என்பது நாங்கள் கொசுவம் என்பதுதான் என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. அவரே குனிந்து கொசுவத்தை முழங்கால் அளவுக்குத் தூக்கி, நாலாக மடித்து, இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு ஊசியும் குத்திவிட்டார். ஐந்து ஆண்டுகள் அவர் கற்றுவைத்திருந்ததை எனக்கு அரை நிமிடத்தில் கொடுத்தார்.

பனி உருகுவதற்காகச் சாலையிலும் நடைபாதையிலும் கொட்டப்படும் உப்பு, சேற்று நீரில் கரைந்து துணியில் ஏறும். காய்ந்தபின் வெள்ளைக் கோடாகத் தங்கிவிடும். ஜரிகைக்கு அது மிகவும் கெடுதல். ஆகவே கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பனிச் சப்பாத்தைப் போட்டு, உள்ளே போடும் செருப்பைத் துணிப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சேலையின் உயரத்தை அந்த உள்செருப்பை வைத்தே அளந்து கட்டுங்கள். தடித்த அடியுள்ள சப்பாத்தோடு அளந்து கட்டினால், மண்டபத்தில் அதைக் கழற்றியதும் சேலை தரையைப் பெருக்கும். உள்ளே நுழைந்து காலணி மாற்றியபின் செருகியதை அவிழ்த்துக் கையால் நீவிவிட்டால் போதும்.

உப்பு பட்டுவிட்டால் பருத்தியை அன்றே குளிர்ந்த நீரில் அலசிவிடலாம். பட்டைத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, நிழலில் உலர்த்தி, உலர்சலவைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஜரிகை எது, அதில் உலோக இழை இருக்கிறது என்று காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சொல்லாமல் கொடுத்த என் சேலையை ஒரு கடையில் ஜரிகையின்மேலேயே நீராவி இஸ்திரி போட்டுக் கருக்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

நகரும் படிக்கட்டில் ஏறும்போது கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் ஏறினால் கதவைச் சாத்துவதற்கு முன் முந்தானை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் சிறிய விஷயங்கள், ஆனால் உயிராபத்தானவை.

வேட்டி கட்டுகிறவர்களுக்கு

வேட்டி கட்டுகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு முழம் வேட்டியைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கு எட்டு முழம் இரட்டை வேட்டியைக் கட்டுங்கள். இரு மடிப்பாக வருவதால் காற்று அவ்வளவாக உள்ளே ஏறாது. உள்ளே போடும் தெர்மல் வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருக்கட்டும். கறுப்பு வெளியே தெரிந்து மானத்தை வாங்கும். இடைவார் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஏரிப் பக்கமிருந்து வீசுகிற காற்று இடுப்பு முடிச்சை மதிப்பதில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பையும் வைத்துத் தைத்த வேட்டியை இளைஞர்கள் விரும்புகிறார்கள். பேருந்து அட்டையையும் கைபேசியையும் வைக்க அது வசதிதான். பெரியவர்கள் முன் வேட்டியை மடித்துக் கட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள், பனியில் இறங்கும்போது மட்டும் அதை மறந்துவிடலாம். வாசலுக்குள் வந்ததும் இறக்கிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அலுவலகத்துக்கோ உணவகத்துக்கோ வேட்டி கட்டிப் போனால் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விட மறுத்தது சென்னையில் உள்ள ஒரு கிளப்தான். அதற்குப் பிறகுதான் வேட்டிக்குத் தடை விதிப்பதைத் தண்டனைக்குரியதாக்கித் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. டொராண்டோவில் என் கணவர் வேட்டியோடு போன எந்த இடத்திலும் அவரை நிறுத்தியதில்லை, "குளிரவில்லையா?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

எங்கே தொடங்குவது, என்ன பதில் சொல்வது

பொங்கல் விழாவிலோ கோயிலிலோ தொடங்குவது எளிது. அங்கே எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அடுத்த படி ஆகஸ்ட் மாதத்தில் ஸ்காபரோவின் மார்க்கம் சாலையில் நடக்கும் தமிழர் தெருவிழா. வெயில் காலமாதலால் நம் உடை தன் இயல்பான வானிலையில் இருக்கும் நாட்கள் அவை. அதற்கடுத்துதான் வேலையிடம். அங்கே ஒரேயடியாகப் பட்டும் நகையுமாகப் போய் நிற்க வேண்டியதில்லை. பொட்டு, ஜிமிக்கி, கைத்தறித் துண்டில் தைத்த மேற்சட்டை என்று சிலர் தொடங்குகிறார்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் பருத்திச் சேலை என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை யாரும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

கேள்விகள் வரும். "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்பது அடிக்கடி வருவது, விசேஷம் ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை என்பது போதுமான பதில். "அழகான காஸ்ட்யூம்" என்று யாராவது பாராட்டினால் கோபப்பட வேண்டாம். காஸ்ட்யூம் என்பது நாடகத்துக்குப் போடும் வேடம், இது நான் உடுத்தும் உடை, இதன் பெயர் சேலை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வேட்டியை வேட்டி என்றே சொல்லுங்கள். ஸ்பகெட்டியையும் க்ரோய்சானையும் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வேட்டி ஒன்றும் கடினமான சொல் அல்ல.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டம் வம்சாவளி, பிறந்த நாடு, இனம், சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. விரும்பியதை விரும்பிய இடத்தில் உடுத்தலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. சுழலும் எந்திரம் இருக்கும் தொழிற்சாலையிலோ பெரிய அடுப்புள்ள சமையலறையிலோ சேலையும் துண்டும் ஆபத்து. அங்கே நிறுவனம் மறுத்தால் அது நியாயம். காரணமே சொல்லாமல் மறுத்தால், எழுத்தில் காரணம் கேளுங்கள். இந்த உரிமைகள் தாமாக வந்தவையல்ல. கனடியக் காவல்படையில் தலைப்பாகையோடு பணியாற்றச் சீக்கியரான பல்தேஜ் சிங் தில்லானுக்கு வழி திறந்தது 1990இல்தான், அதுவும் நாடு முழுவதும் எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்து வாங்கப்பட்ட பிறகு. இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கே இது எளிதாக இருந்ததில்லை: 2020 டிசம்பரில் சஸ்காச்சுவன் மாகாணத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் இனத்தாரின் ரிப்பன் பாவாடையை உடுத்திப் பள்ளிக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பினாள். அதைத் தொடர்ந்து 2023 முதல் ஜனவரி 4ஆம் நாள் தேசிய ரிப்பன் பாவாடை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் மரபுத் திங்களின் முதல் வாரத்திலேயே அது வருவதால், உங்கள் பிள்ளையின் பள்ளியில் அன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

துக்க வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும். நம்மவர் வீட்டு இறப்புக்கு வெள்ளையோ மங்கிய நிறமோ உடுத்துவது வழக்கம். உடன் பணியாற்றும் கனடியர் வீட்டு இறுதிச் சடங்குக்குக் கறுப்போ கருநீலமோ எதிர்பார்ப்பார்கள். கரையில்லாத கருநீலப் பருத்திச் சேலை ஒன்று இருந்தால் இரண்டாவதற்கு உதவும்.

குடியுரிமை உறுதிமொழி நாளுக்குச் சேலையும் வேட்டியும் மிகவும் பொருத்தம். இப்போது பல விழாக்கள் காணொலி வழியாகவே நடக்கின்றன. திரையில் தெரிவது மார்பளவு மட்டும் என்பதால் தோளில் முந்தானை மடிப்பு அகலமாக, கரை தெரியும்படி குத்திக்கொள்ளுங்கள். என் கணவர் திரையில் தெரிந்த அளவுக்குச் சட்டையும் சால்வையும் அணிந்து, மேசைக்குக் கீழே இரவுக் காற்சட்டையோடு கனடியரானார். எழுந்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

பிள்ளைகள்

பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்கும்போது அடியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் மூன்று பொங்கலுக்கு வரும். பாவாடையைச் சுருட்டி உள்ளே விட்டுப் பனிக் காற்சட்டையை மேலே மாட்டிவிடலாம். பள்ளிக்குள் போனதும் பிள்ளையே கழற்றிக்கொள்ளும். சிறுவர்களுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த வேட்டி போதும். உடற்பயிற்சி வகுப்பு உள்ள நாளில் எதையும் அனுப்பாதீர்கள்.

பிள்ளை மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். என் மகள் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பாவாடையைத் தொடவில்லை. பதின்மூன்றாம் வயதில், கறுப்புச் சட்டைக்கு மேலே என் சுங்குடியைத் தாவணி போலச் சுற்றிக்கொண்டு, காலில் விளையாட்டுச் சப்பாத்தோடு பள்ளிக்குப் புறப்பட்டாள். எனக்கு அது சேலையாகவே தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஊசி மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

காத்து வைத்தல்

என் அம்மாவின் கலியாணக் கூறைப்புடவையை நான் கொண்டுவந்திருந்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டின் அடித்தள அறையில் இருந்த பெட்டியில் வைத்து, ஆறு ஆண்டுகள் எடுக்கவே இல்லை. ஒரு பொங்கலுக்கு முதல் நாள் எடுத்து விரித்தபோது, மடிப்பு இருந்த இடமெல்லாம் ஜரிகை கறுத்து, கோடு கிழித்தாற்போல் இற்றுப்போயிருந்தது. கையில் தூக்கியதும் ஒரு மடிப்பு முழுவதும் பிரிந்து வந்தது. அடித்தளத்தின் கோடை ஈரம், பிளாஸ்டிக்குக்குள் வெளியேற வழியில்லாமல் நின்ற காற்று, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் விழுந்த மடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. கிழியாமல் மிஞ்சிய முந்தானையைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகவே பட்டைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, படுக்கையறை அலமாரியில் வையுங்கள். அந்துருண்டை துணியிலும் ஜரிகையிலும் படக் கூடாது. பட்டையும் கம்பளியையும் தின்னும் அந்துப்பூச்சி இங்கேயும் உண்டு என்பதால், உடுத்தியதை வியர்வை ஆறும்படி ஒரு நாள் நிழலில் விரித்துவிட்டே மடிக்க வேண்டும். வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கக் குளிர்காலத்தில் வெயில் கிடைக்காது; சூடேற்றி இருக்கும் அறையில் கொடி கட்டிக் காயவைத்து, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

மடிப்பை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று சொல்வார்கள். சொன்னால் யாரும் செய்வதில்லை. குறைந்தது இரண்டு நாட்களை நான் குறித்து வைத்திருக்கிறேன். இந்த ஊரில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிவைத்த கையோடு அலமாரியைத் திறந்து, மகள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்து ஒவ்வொரு சேலையையும் கூடத்தின் குறுக்கே விரித்து உதறி, பழைய மடிப்பு உள்ளே போகும்படி வேறு விதமாக மடித்து வைக்கிறோம். பன்னிரண்டு சேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.